தோளில் தூக்க முடியாத கேமரா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘தி ஆப்பிரிக்கன் குயின்’ (1951) படம் எடுக்கப்பட்ட கதையைப் படித்தேன். நாயகன் ஹம்ப்ரி போகார்ட் விஸ்கி குடித்தே நோயிலிருந்து தப்பித்தது, இயக்குநர் ஜான் ஹூஸ்டன் யானை வேட்டைக்கு அலைந்தது, கேத்தரின் ஹெப்பர்ன் வாந்தியோடு போராடிக்கொண்டே நடித்தது, எல்லாம் சுவையாகத்தான் இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: ‘ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு காங்கோ காட்டுக்குள் புகுந்தார்.’ அந்தக் கேமராவைத் தோளில் போட முடியாது. போட முடியாததால்தான் அந்தப் படம் எடுக்கப்பட்ட முறையே அப்படி அமைந்தது. கட்டுரை விட்டுவிட்ட அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

அது டெக்னிகலர் நிறுவனத்தின் மூன்று சுருள் கேமரா. பெயரே சொல்வதுபோல, ஒரே நேரத்தில் மூன்று கருப்பு வெள்ளை நெகட்டிவ் அதற்குள் ஓடும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் ஒரு பிரிசத்தில் பட்டு இரண்டாகப் பிரியும். நேராகப் போகும் பகுதி பச்சை ஃபில்டரைக் கடந்து ஒரு சுருளில் விழும். பக்கவாட்டில் திரும்பும் பகுதி, பச்சையைத் தடுக்கும் ஒரு ஃபில்டரைக் கடந்து, முகத்தோடு முகம் ஒட்டி ஓடும் இரண்டு சுருள்களில் விழும். அவற்றில் முன்னால் இருப்பது நீலத்தைப் பதியும். அதன் மேற்பூச்சில் உள்ள செம்மஞ்சள் சாயம் நீலத்தை அங்கேயே நிறுத்திவிடுவதால், பின்னால் இருக்கும் சுருளுக்குச் சிவப்பு மட்டுமே போய்ச் சேரும். முன்சுருளை ஊடுருவி வருவதால் சிவப்புப் பதிவு மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். இது அந்த முறையின் பிறவிக்குறை. இன்னொரு குறை, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் பிரிசம் உட்காருவதற்கு இடம் வேண்டும். அதனால் சாதாரண அகலக்கோண லென்ஸ்கள் பொருந்தாது. டெக்னிகலருக்கென்றே தனியாக வடிவமைக்க வேண்டியிருந்தது. ஆற்றின் நடுவே சிறிய படகில் நெருங்கி நின்று எடுக்க வேண்டிய படத்துக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த இயந்திரம் ஓடும் சத்தம் ஒலிவாங்கியில் பதியாமல் இருக்க அதை ஒரு பெட்டிக்குள் அடைப்பார்கள். ‘பிளிம்ப்’ என்று சொல்வார்களே, அதுதான். பெட்டியோடு சேர்த்தால் எடை 180 முதல் 230 கிலோ வரை வரும். நாலைந்து பேர் இல்லாமல் நகராது.

ஃபிலிம் கணக்கு வேறு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி பிடிக்கும் ஃபிலிம் பெட்டி (மேகசின்) 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மற்றவர்கள் ஆயிரம் அடி செலவழிக்கும் இடத்தில் இவர்கள் மூவாயிரம் அடி செலவழிக்க வேண்டும். படத்தின் நீளம் 105 நிமிடம். பேச்சுக்கு எட்டுக்கு ஒன்று, அதாவது எட்டு அடி எடுத்து ஓர் அடியைப் பயன்படுத்தும் விகிதத்தில் எடுத்ததாக வைத்துக்கொண்டால் மொத்தம் 2,26,800 அடி. அதில் பாதி ஆப்பிரிக்காவில் என்றால், ஆயிரம் அடிச் சுருள்கள் 113. ஈரமும் வெப்பமும் நிறைந்த காட்டில், மேற்பூச்சு இளகாமல், பூஞ்சை பிடிக்காமல் அத்தனையையும் காப்பாற்றி, லண்டனில் இருந்த டெக்னிகலர் லேப் வரை அனுப்ப வேண்டும். கழுவிய பிறகுதான் மூன்று சுருளும் சரியாகப் பொருந்துகின்றனவா என்பது தெரியும். அது தெரியவரும்போது படக்குழு வேறு இடத்துக்குப் போயிருக்கும். சில சமயம் செட்டே இருக்காது.

எடையைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். கிடைக்கும் வெளிச்சத்தை மூன்றாகப் பங்கு போடும் கேமரா இது. பிரிசமும் ஃபில்டர்களும் விழுங்குவது போக மிச்சம்தான் ஃபிலிமுக்கு. வெளிச்சத்தை உணரும் வேகத்தை ஐஎஸ்ஓ என்ற எண்ணால் சொல்வார்கள். இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஐஎஸ்ஓ 800 என்பது சாதாரணம். இந்த முறையின் வேகம் அந்த அளவுகோலில் பத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஆறு ஸ்டாப்புக்கும் மேலான வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வெட்டவெளியில் உச்சிவெயிலில் சமாளித்துவிடலாம். ஆனால் அவர்கள் போனது ருயிகி ஆற்றுக்கு.

பெல்ஜிய காங்கோவில் ஸ்டான்லிவில் (இன்றைய கிசங்கானி) நகரத்துக்குத் தெற்கே, பியோண்டோ என்ற இடத்தில் முகாம். ருயிகி அகலமில்லாத ஆறு. இரு கரை மரங்களும் ஆற்றின் மேல் கவிந்திருக்கும். இலை தழை மக்கி ஊறிய துவர்ப்பால் தண்ணீர் மை போலக் கறுத்திருக்கும். ஹூஸ்டன் இந்த ஆற்றைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் கறுப்பும் ஒரு காரணம். கறுத்த நீரில் மரங்களின் பிம்பம் கண்ணாடியில் விழுவதுபோல விழும். பார்க்க அழகு, ஒளிப்பதிவாளருக்கோ தண்டனை. மணலோ வெளிறிய நீரோ இருந்தால் கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் எதிரொளித்து முகத்தில் விழும். இங்கே அதுவும் இல்லை. ஜூன் மாதத்தில் நிலநடுக்கோட்டில் நண்பகல் சூரியன் 67 பாகை உயரத்தில் நிற்கும். தொப்பி போட்ட இருவரை அந்த வெயிலில் எடுத்தால் மூக்கு நுனி வெளுத்து, கண்கள் இரண்டும் குழிக்குள் மறைந்துவிடும். போகார்டும் ஹெப்பர்னும் படத்தில் பல இடங்களில் தொப்பியோடுதான் இருக்கிறார்கள்.

வெயிலை முகத்துக்குத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் பலகை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கரையில் வைத்தால் படகு நகர்ந்துகொண்டே இருக்கிறது. மிதக்கும் தெப்பத்தில் வைத்தால் தெப்பம் ஆட ஆட வெளிச்சம் முகத்தில் பாய்ந்து பாய்ந்து மறையும். மர நிழலுக்குள் போய்விட்டால் ரிஃப்ளெக்டருக்கு எடுத்துக் கொடுக்க வெயிலே இருக்காது. ஆக, ஆர்க் விளக்கு வேண்டும். அன்றைக்குப் பகல் வெளிச்சத்தின் நிறத்தோடு ஒத்துப்போகும் வலுவான விளக்கு அது ஒன்றுதான்: இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் மின்வில்.

ஆர்க் வந்தால் ஜெனரேட்டர் வரும். மாற்று மின்சாரத்தில் ஆர்க் இரையும் என்பதால் நேர் மின்சாரம் தரும் ஜெனரேட்டராகவே இருக்க வேண்டும். அதிலும் மின்னோட்டத்தில் நெளிவு இருந்தால் விளக்கு ‘பாடும்’. அதை அடக்கச் ‘சோக்’ என்ற கம்பிச்சுருள் தேவை. ஜெனரேட்டரின் உறுமல் தண்ணீரின் மேல் வெகுதூரம் கேட்கும் என்பதால் வசனம் பேசும் காட்சியில் அதைத் தள்ளியே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் கேபிள் நீளும். கேபிள் நீண்டால் மின்னழுத்தம் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 ஆம்பியர் இழுக்கும் ஓர் ஆர்க், ஜெனரேட்டரிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிறது. 107 சதுர மி.மீ. பருமனுள்ள செப்புக் கம்பி போக வர 400 மீட்டர். அதில் மட்டும் ஏறக்குறைய 10 வோல்ட் போய்விடும். அதே கேபிளில் இரண்டாவது விளக்கை மாட்டினால் 20 வோல்ட். விளக்கின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாலஸ்ட்டில் ஓரளவு சரிக்கட்டலாம். ஆனால் அந்த பாலஸ்ட்தான் வில்லை நிலையாக வைத்திருப்பது. அதன் பங்கைக் குறைத்தால் விளக்கு துடிக்கும். அந்த 400 மீட்டரில் இருக்கும் செம்பு மட்டும் 380 கிலோ, மேலுறை தனி. இத்தனையும் மிதக்க வேண்டும்!

இங்கேதான் தெப்பங்கள் வருகின்றன. கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன இந்தத் தெப்பங்கள் இல்லையென்றால் படமே இல்லை.

கதையில் ‘ஆப்பிரிக்கன் குயின்’ என்ற பெயரில் வரும் நிஜப் படகின் நீளம் 30 அடி. 1912-இல் இங்கிலாந்தின் லித்தம் என்ற ஊரில் ‘லிவிங்ஸ்டன்’ என்ற பெயரில் கட்டப்பட்ட நீராவிப் படகு அது. நடுவில் கொதிகலனும் இயந்திரமும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு நடிகர்களை உட்காரவைத்த பிறகு 200 கிலோ கேமராவுக்கும் அதை இயக்குபவர்களுக்கும் இடம் ஏது? அதனால் படகின் மாதிரி ஒன்றைச் செய்து ஒரு பெரிய தெப்பத்தின் மேல் வைத்தார்கள். அதுதான் அவர்களுடைய செட். நான்கு பக்கமும் கேமரா நகர இடம் கிடைத்தது. இரண்டாவது தெப்பத்தில் விளக்குகள், கருவிகள், படப்பிடிப்புச் சாமான்கள். மூன்றாவதில் ஜெனரேட்டர். நான்காவது ஹெப்பர்னுக்கு: உடை மாற்றும் அறை, ஆளுயரக் கண்ணாடி, கழிப்பறை. இழுத்துச் சென்ற சிறு படகால் நான்கையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. எதைக் கழற்றிவிடுவது? விளக்கைக் கழற்ற முடியாது, ஜெனரேட்டரைக் கழற்ற முடியாது. கழிப்பறை போயிற்று. ஹாலிவுட்டின் முன்னணி நட்சத்திரம் அதன் பிறகு புதரைத்தான் நாட வேண்டியிருந்தது. இதை ஹூஸ்டனின் முரட்டுத்தனம் என்பதுபோலக் கட்டுரை எழுதியிருக்கிறது. அவருக்கு முரட்டுத்தனம் உண்டுதான். ஆனால் இந்த விஷயத்தில் முடிவெடுத்தது எடை.

தெப்பங்களை வரிசையாகக் கட்டி இழுப்பதில் என்னென்ன கெடும் என்பது தேர் இழுத்துப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். வளைவில் முன்னால் போகும் படகு திரும்பிவிடும். கடைசித் தெப்பம் திரும்பாமல் வெளிப்பக்கம் வீசி எறியப்பட்டுக் கரையில் மோதும். தேருக்கு முட்டுக்கட்டை போடலாம், தெப்பத்துக்குப் போட முடியாது. இழுக்கும் படகு வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவை ஒன்றன்மேல் ஒன்று வந்து இடிக்கும். தெப்பங்களுக்கிடையே தொங்கும் கேபிள் தளர்வாக இருந்தால் நீருக்குள் கிடக்கும் மரக்கிளையில் சிக்கும், இறுக்கமாக இருந்தால் பிடுங்கிக்கொண்டு வரும். உயரமான விளக்குத் தாங்கிகள் கவிந்த கிளைகளில் தட்டும். ஒரு டேக் கெட்டுப்போனால் அந்தத் தொடர்வண்டி முழுவதையும் திருப்பிக்கொண்டு ஆற்றில் பழைய இடத்துக்கு வர வேண்டும். அதற்குள் சூரியன் நகர்ந்திருக்கும், நிழல் மாறியிருக்கும், அல்லது மழை பிடித்திருக்கும். அந்த வட்டாரத்தில் மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது.

நிஜப் படகு ஒரு தடவை ஆற்றில் மூழ்கியும் போனது. கிரேன் கிடைக்காத இடம். கயிறு கட்டி ஆள்பலத்தால் இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தார்கள், நாட்கள் வீணாயின.

கார்டிஃப் இதற்குப் புதியவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ‘வெஸ்டர்ன் அப்ரோச்சஸ்’ படத்துக்காக இதே வகைக் கேமராவை உயிர்காப்புப் படகில் ஏற்றிக் கடலில் படம் எடுத்தவர். அதற்கும் முன்பு, 1930-களின் கடைசியில், பயணக் குறும்படங்களுக்காக அதை இந்தியாவுக்கே கொண்டுவந்தவர். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ‘பிளாக் நார்சிசஸ்’ இமயமலையில் நடக்கும் கதை. ஆனால் அதற்காக அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போகவில்லை. மலையும் பள்ளத்தாக்கும் கண்ணாடி ஓவியமும் ஸ்டுடியோவும்தான். காங்கோவில் உயிரைக் கொடுத்து எடுத்த படத்துக்கு அவர் பெயர் ஒளிப்பதிவுப் பரிந்துரையில்கூட இல்லை. போகார்டுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அடுத்து, ‘முழுக்க முழுக்க ஆப்பிரிக்காவிலேயே எடுக்கப்பட்டது’ என்ற கூற்று. ஏறக்குறைய பாதிதான். நடிகர்கள் தண்ணீருக்குள் இறங்கும் காட்சிகள் எல்லாம் லண்டனை ஒட்டிய ஐல்வர்த் ஸ்டுடியோவின் தொட்டியில் எடுத்தவை. முதலைக்குப் பயந்து மட்டும் அல்ல. அந்த வட்டார நீர்நிலைகளில் பில்ஹார்சியா என்ற நோய் உண்டு. நத்தையில் வளரும் புழு, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் தேவையில்லை, தண்ணீரைக் குடிக்கவும் தேவையில்லை. போகார்ட் உடம்பில் ஒட்டியிருந்த அட்டைகள் ரப்பர். நெருக்கக் காட்சியில் தெரியும் ஒரு நிஜ அட்டை இருப்பது அட்டை வளர்த்தவரின் மார்பில். ஹெப்பர்னின் அண்ணனாக வரும் ராபர்ட் மார்லி ஆப்பிரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. அவருடைய காட்சிகள் இங்கிலாந்தில். அங்கே நின்றது டூப். தேவாலயக் காட்சியில் அண்ணன் பிரசங்கிக்க, தங்கை ஆர்கன் வாசிக்கிறாள். அண்ணன் ஒரு கண்டம், தங்கை ஒரு கண்டம்! எடிட்டிங் மேசையில்தான் இருவரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்.

நீரோட்டத்தில் படகு அடித்துச் செல்லப்படும் காட்சிகளில், ஸ்டுடியோவில் எடுத்த நடிகர்களையும் ஆப்பிரிக்காவில் எடுத்த பின்னணியையும் இணைத்திருப்பது இன்று பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். காரணம் சோம்பல் அல்ல. பின்னணியில் சூரியன் என்ற ஒரே விளக்கு. படகு திரும்பத் திரும்ப நிழலும் திரும்புகிறது. முன்னால் நடிகர்கள் மேல் விழுவது நின்ற இடத்தில் நிற்கும் ஸ்டுடியோ விளக்குகள். நிழல் ஒத்துப்போகாத இடத்தில் கண் ஏமாறாது.

ஐல்வர்த் பற்றிப் பேசும்போது ஒரு கிளிக்கதை. லண்டன் பூங்காக்களில் இன்று கூட்டம் கூட்டமாகத் திரியும் பச்சைக்கிளிகள், நம் ஊர் ஆலமரங்களில் இருக்கும் அதே செந்தார்ப் பைங்கிளிகள், இந்தப் படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்று அங்கே ஒரு செவிவழிக் கதை உண்டு. உங்கள் கட்டுரையும் அதைச் சொல்லியிருக்கிறது. லண்டன் ஆய்வாளர்கள் கிளிகளின் பரவலை வரைபடத்தில் வைத்து, குற்றவாளியின் இருப்பிடத்தைத் தேடும் காவல்துறை உத்தியைப் பயன்படுத்திப் பார்த்து, ஐல்வர்த்தை நோக்கி எந்தத் தடயமும் இல்லை என்று 2019-இல் வெளியிட்டார்கள். வீடுகளிலிருந்து பல காலம், பல இடங்களில் விடுபட்டவை என்பதே அவர்கள் முடிவு.

விஸ்கி விஷயத்துக்கு வருகிறேன். படக்குழுவில் கிட்டத்தட்ட எல்லோரும் வயிற்றுக்கடுப்பில் விழுந்தபோது போகார்டும் ஹூஸ்டனும் மட்டும் தப்பியது உண்மை. மதுவை வெறுத்துத் தண்ணீராகக் குடித்த ஹெப்பர்ன் மோசமாக நோயுற்றதும் உண்மை. ஆனால் இதை விஸ்கியின் மருத்துவ குணம் என்று எழுதுவது ஆபத்து. கெட்ட தண்ணீரில் பாதிக்குப் பாதி விஸ்கி ஊற்றினாலும், குடிக்கும் சில நிமிடங்களில் கிருமிகள் செத்துவிடும் என்ற உறுதி கிடையாது. போகார்ட் தன் சாப்பாடு டப்பா அவரை, டப்பா ஆஸ்பரகஸ், ஸ்காட்ச் என்று சொல்லியிருக்கிறார். அவரைக் காப்பாற்றியது டப்பாக்கள். தண்ணீரையும் அங்கே சமைத்ததையும் தொடாததுதான் காரியம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீர் கிடைத்திருந்தால் ஹெப்பர்னுக்கும் வாந்தியெடுக்க வாளி தேவைப்பட்டிருக்காது.

கட்டுரையாளர் நம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படங்களையும் இதே டெக்னிகலர் வரிசையில் வைத்திருக்கிறார். இரண்டுமே கேவா கலரில் எடுத்தவை. கேவா கலரில் எல்லா நிறமும் ஒரே சுருளில், சாதாரண கேமராவில் பதியும். கட்டபொம்மனுக்குப் பிரிண்ட் மட்டும் லண்டனில் டெக்னிகலர் முறையில் போடப்பட்டது. டைட்டிலில் டெக்னிகலர் என்று வருவது அதனால். படம் பிடிக்கும் முறைக்கும் பிரிண்ட் போடும் முறைக்கும் அந்த நிறுவனம் ஒரே பெயரை வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. 1950-இல் ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவ் வந்த பிறகு மூன்று சுருள் கேமராவுக்கு வேலை இல்லாமல் போனது. 1950-களின் நடுப்பகுதிக்குள் அது ஓய்ந்துவிட்டது. ருயிகியில் மிதந்தது அதன் கடைசிக் காலம்.

எல்லாத் தொல்லைகளுக்கும் ஈடாக அந்த முறை கொடுத்த ஒன்று உண்டு. கழுவிய பிறகு நெகட்டிவில் சாயமே இல்லை. மூன்றுமே வெள்ளி படிந்த கருப்பு வெள்ளைச் சுருள்கள். சாயம் இல்லாததால் வெளிறிப்போக எதுவும் இல்லை. ஒரே சுருள் வண்ண நெகட்டிவ்கள் காலப்போக்கில் சிவந்தும் வெளிறியும் போனதை நம் பழைய படங்களில் பார்க்கிறோம். மூன்று சுருளின் வியாதி வேறு: ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். அப்படியே ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நீரின் மினுமினுப்பைச் சுற்றிச் சிவப்பு, பச்சை விளிம்பு தெரியும். மூல நெகட்டிவ்கள் மூன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, கணினியில் பொருத்திச் சீரமைத்த பதிப்பு அமெரிக்காவில் 2010 மார்ச்சில் வட்டாக வந்தது. பார்க்க விரும்புகிறவர்கள் அதையோ அதற்குப் பின் வந்த பதிப்பையோ தேடுவது நல்லது. அதற்கு முந்தைய வட்டுகளில் ஆற்றின் கறுப்பு, கறுப்பாக இருக்காது.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான புகைப்படத்தின் கீழ்க்குறிப்பு, அதிலிருக்கும் கப்பலே திரைப்படத்தில் ‘லூயிசா’ என்ற ஜெர்மன் போர்ப்படகாக வருவது என்கிறது. அதிலிருக்கும் கப்பல் ‘கிராஃப் கோட்சன்’. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் தங்கனீக்கா ஏரியில் வைத்திருந்தது. 1916-இல் அவர்களே மூழ்கடித்தார்கள். பிறகு மேலே எடுக்கப்பட்டு ‘லியம்பா’ என்ற பெயரில் 1927-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. சி. எஸ். ஃபாரஸ்டரின் 1935-ஆம் ஆண்டு நாவலில் வரும் ஜெர்மன் போர்ப்படகுக்குத் தூண்டுகோல் அது என்பார்கள், சரியாகவும் இருக்கலாம். ஆனால் படத்தில் ‘லூயிசா’வாக வருவது அது அல்ல, ‘புகாண்டா’ என்ற நீராவி இழுவைக் கப்பல். லியம்பா தங்கனீக்கா ஏரியை விட்டு வெளியே போனதே இல்லை. படக்குழு போனது உகாண்டாவின் ஆல்பர்ட் ஏரிக்கு.

இப்படிக்கு,
பழைய படச்சுருள் ஆர்வலன்,
வடபழனி, சென்னை – 26